ஒன்றாம் எண்ணின் ஏழு உறைகள்

டாக்டர் தனபாலனுக்குப் பிரஷர் இருப்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அது நான். ஏழு வாரமாகத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. மறதியால் அல்ல.

அடையாறில் அவர் நடத்தும் ஆய்வு நிலையத்தில் நான் களப்பணியாளர். உப்பைக் குறைத்துச் சாப்பிடும்படி மக்களின் பழக்கத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. அறுநூறு வீடுகளை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். முதல் குழுவுக்கு வாரா வாரம் ஆள் போகும், போனில் செய்தி போகும், சாம்பாருக்கு இவ்வளவுதான் உப்பு என்று அளந்து போட ஒரு குட்டி ஸ்பூன்கூடக் கொடுப்போம். இரண்டாம் குழுவுக்கு ஒன்றும் கிடையாது. மாதம் ஒரு தடவை போய்ப் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு வருவோம். எவ்வளவு என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டோம். மெஷினின் முகத்தில் கறுப்புத் துணி தொங்கும். நான் மட்டும் தூக்கிப் பார்த்து, எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஆய்வு முடியும்வரை நாங்கள் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. தெரிந்தால் பயந்துபோய் அவர்களாகவே உப்பைக் குறைத்துவிடுவார்களாம், மாத்திரை வாங்கி விழுங்கிவிடுவார்களாம். அப்புறம் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் காட்ட முடியாதாம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே ஆய்வு சின்ன அளவில் நடந்தது. அப்போது மீர்சாகிப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாம் குழு. அத்தா வலியுல்லா, தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் தையல் பிரிவில் கட்டிங் மாஸ்டர். மூன்று மாதம் ஒரு பையன் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்டாள். "எல்லாம் ஃபைல்ல கீதும்மா, கவலைப்படாதீங்க" என்பான். ஃபைலில் இருக்கிறதென்று நாங்களும் கவலைப்படாமல் இருந்தோம். நாலாவது மாதம் அத்தா கடையிலேயே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு பாதி போயிற்று.

அந்த ஃபைலைப் பார்ப்பதற்காகத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். யாரும் என்னை யார் மகள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை, வலியுல்லா என்ற பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவர் அங்கே 0417.

சேர்ந்த இரண்டாவது மாதம் பழைய அறையைச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். கேட்டு வாங்கிச் செய்தேன். 0417 கிடைத்தது. முதல் மாதம் 188, இரண்டாம் மாதம் 196, மூன்றாம் மாதம் 210. அதற்கடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "தொடர்பு விட்டுப்போனவர். கணக்கில் சேர்க்க வேண்டாம்." கீழே தனபாலனின் கையெழுத்து. அத்தா படுக்கையில் கிடந்ததற்கு அவர்கள் வைத்த பெயர் தொடர்பு விட்டுப்போவது. அவரை நீக்கியதால், ஆய்வில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று முடிவு அழகாக வந்தது. டாக்டருக்கு டெல்லியில் ஒரு விருதும் வந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இந்த மனுஷன் என் கையால் அனுபவிக்க வேண்டும். எப்படி என்று அப்போது தெரியாது.

முதலில் வீடுகளில் ஆரம்பித்தேன். இரண்டாம் குழுவில் யாருக்காவது அதிகமாக இருந்தால் கறுப்புத் துணியை மூடிவிட்டு மெல்லச் சொல்லிவிடுவேன். சாந்தோம் குப்பத்தில் மீன் விற்கும் முத்தம்மாவுக்கு 192 இருந்தது.

"இன்னாம்மா, மிஷினு இன்னா சொல்லுது? மாசாமாசம் வந்து கையப் புடிக்கிற, ஒண்ணியும் சொல்ல மாட்டேன்ற" என்றாள்.

"இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நூத்தித் தொண்ணூத்திரெண்டு கீது. நான் சொன்னேன்னு சொல்லாத."

முத்தம்மாவிடம் சொல்லாதே என்பது கடற்கரையில் மைக் வைத்துச் சொல்வதற்குச் சமம். மறுவாரமே அந்தத் தெரு முழுக்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது. மற்ற களப்பணியாளர்கள் அளக்கப் போகும் வீடுகளும் அதில் அடக்கம். மந்தைவெளியில் ஒரு இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னேன், அவர் அடுக்ககத்துக்கே சொன்னார். டாக்டரின் ஆய்வு என் வாயாலேயே கெட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதில் பரம திருப்தி.

அப்போதுதான் டாக்டர் தானாகவே வந்து என் கையில் கையைக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலை நாங்கள் வெளியே கிளம்புவதற்கு முன், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கையிலேயே அளக்கச் சொல்வார். எங்கள் ஆறு பேருக்கும் அது பாடம் மாதிரி. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, "என் நம்பரை எனக்கே சொல்லக் கூடாது. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். ஒட்டிப் போடுங்க" என்பார். அவருக்கும் ஒரு எண் உண்டு, 0001. அதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று முகத்திலேயே தெரியும். அதுவரை அவருக்கு அளந்துகொண்டிருந்த சாய்சரண் மேல்படிப்புக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார். "ரூஹிக்குக் கை ஸ்டெடி" என்று சான்றிதழ் வேறு.

முதல் திங்கள் 166. சரி, கொஞ்சம் அதிகம் என்று நினைத்தேன். அடுத்து 178, பிறகு 174. நாலாவது வாரம் 188. துணியைத் தூக்கி இரண்டாம் தடவையும் பார்த்தேன். பயம் இல்லை, சந்தோஷம்தான். அத்தாவின் முதல் மாத எண் அதே 188. சீட்டில் எழுதினேன், ஒட்டினேன், இரும்புப் பெட்டியில் போட்டேன்.

"தேங்க்யூ சார்" என்றேன். அத்தாவை அளக்க வந்த பையனும் எங்கள் வீட்டில் அப்படித்தான் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். 186. பிறகு 197. மனுஷன் மத்தியானம் தயிர்சாதத்துக்கு மோர் மிளகாயும் மாவடுவும் வைத்துக்கொண்டு, ஊரார் உப்பைக் குறைப்பது பற்றிக் கட்டுரை திருத்துவார். பிடரியைத் தேய்த்துக்கொள்வார். "கண்ணாடி பவர் மாத்தணும் போல" என்பார். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அவரிடம் மட்டும் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, பாதி கஞ்சி மோவாயில் வழியும்போது, இவரை ஒரு கட்டிலில் போட்டு இன்னொருத்தி ஊட்டுவது போல நினைத்துப்பார்ப்பேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

ஏழாவது திங்கள் 206. அந்த வாரம் வெள்ளிக்கிழமையே தேனாம்பேட்டையில் கூட்டம் வந்தது.

பாதி ஆய்வு முடிந்ததும் உறைகளை வெளியாள் ஒருவர் பிரித்துக் கணக்கிட வேண்டும். அதற்கு ராகேஷ் என்ற புள்ளிவிவரக்காரர். அவர் கணக்கில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே வரவில்லை. ஒன்றும் செய்யப்படாத இரண்டாம் குழுவுக்கும் பிரஷர் தடதடவென்று இறங்கியிருந்தது. ஆய்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேற்பார்வை பார்க்கும் குழு விளக்கம் கேட்டது. தலைவர் ஜெயலக்ஷ்மி, மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியை. எங்கள் ஆறு பேரையும் வரச்சொல்லிச் சுவர் ஓரமாக உட்காரவைத்தார்கள். மேஜையில் ஃபைல்கள், பிரித்த உறைகள், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டு. 0001 ஆய்வில் சேர்த்தி இல்லை என்பதால் ராகேஷ் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தார். ஏழு உறைகளும் நான் ஒட்டியபடியே இருந்தன.

டாக்டர் எழுந்து நின்று பேசினார். முகம் சிவந்திருந்தது.

"யாரோ ஒருத்தர் செகண்ட் குரூப்புக்கு நம்பரைச் சொல்லியிருக்காங்க. அஞ்சு வருஷ உழைப்பு மேடம். இது துரோகம். யாருன்னு எனக்குத் தெரியணும்."

"நான்தான் சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் என்னை அடிக்கப் போகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு ஜெயலக்ஷ்மியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன் மேடம். ஆறு மாசம் ஒரு நம்பர் தெரியாம இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது."

அந்த வார்த்தையைக் கேட்கும்வரை எனக்கு வாயைத் திறக்கும் எண்ணம் இல்லை, சத்தியமாக. வேலை போனால் போகட்டும், உறைகள் பெட்டிக்கே திரும்பிப் போகட்டும், நடப்பது நடக்கட்டும் என்றுதான் வந்திருந்தேன். அவருடைய உடம்பு எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அந்தக் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றி, ஏழு உறைகளையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"இது உங்களோடது சார். திங்கட்கிழமை நான் எடுத்தது. இதுல நாலு நூத்தி எண்பதுக்கு மேல. ஆய்வு முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கு. பிரிக்கறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது" என்றார். உறைகளைப் புறங்கையால் ஒதுக்கினார். மறுபடியும் பேச ஆரம்பித்தார். ஆய்வின் கட்டுக்கோப்பு என்றார், விஞ்ஞானம் என்றார். பிறகு அதே விஞ்ஞானத்தை இன்னொரு தடவை சொன்னார். கண் மேஜைக்கே போனது. ஒரு கை தானாகப் பிடரிக்குப் போனது. நடு வாக்கியத்தில் நிறுத்தினார், உட்கார்ந்தார், கடைசி உறையை எடுத்துக் கிழித்தார். ஒழுங்காகக் கிழிக்க வராமல் சீட்டும் சேர்ந்து ஓரத்தில் கிழிந்தது. படித்தார். இன்னொன்றைக் கிழித்தார். இன்னொன்று.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ஏழு வாரமா சார்."

"ஏன் சொல்லலை?" குரல் கீச்சென்று வந்தது. "மனுஷிதானே நீ? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

ஜெயலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தனபாலன், ஆய்வுக்கு அனுமதி கேட்டு நீங்க எங்களுக்குக் குடுத்த பேப்பர்ல நூத்தி எண்பதுக்கு மேல வந்தா அன்னிக்கே சொல்லணும்னுதானே எழுதியிருந்தேள்? ராகேஷ், ரெண்டாம் குழுவுல அப்படி எத்தனை பேர்?"

ராகேஷ் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு முப்பத்தொன்று என்றார்.

"அதுல எத்தனை பேர்கிட்ட சொன்னேள்?"

தனபாலன் போனில் இதய டாக்டர் யாரையோ தேடிக்கொண்டிருந்தார், அவசரத்தில் இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போயிற்று.

"போன தடவை 0417-ன்னு ஒருத்தர் இருந்தார் சார். நூத்தி எண்பத்தெட்டு, நூத்தித் தொண்ணூத்தாறு, இருநூத்திப் பத்து. அவர் பேரு வலியுல்லா. எங்க அத்தா" என்றேன்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

ஆய்வை அந்த அறையிலேயே நிறுத்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேருக்கும் நாங்கள் போன் போட்டோம். பழைய ஆய்வையும் தோண்டச் சொல்லி ஜெயலக்ஷ்மி உத்தரவு போட்டார். விருதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று ராகேஷ் சொன்னார். எனக்கும் வேலை இல்லை என்றார்கள், ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக. டாக்டர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அத்தாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். 0417 ஃபைலைப் பார்த்தது, திங்கட்கிழமைகள், ஏழு உறைகள், அத்தனை பேர் முன்னால் அவர் கிழித்தது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அத்தா ஒன்றுகூட விடாமல் கேட்டார்.

"செ... செத்துட்டானா?"

"இல்ல அத்தா. மாத்திரை குடுத்து, ஒரு நாள் வெச்சிருந்து அனுப்பிடுவாங்களாம். கண்டுபிடிச்சிட்டதால ஒண்ணும் ஆவாதாம். தானாவே நடந்துபோய்தான் ஆட்டோல ஏறினாரு."

அத்தாவுக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எச்சில் கூட்டி விழுங்க வேண்டியிருந்தது.

"இன்னும்... ரெண்டு வாரம்... பொறுத்திருக்கலாமேம்மா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.