நோயாளிக்கு விருப்பமில்லை

குதிகாலில் இருந்தது சர்க்கரைப் புண் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நானும் இரண்டு மாதமாகச் சர்க்கரை போடாத காபியைக் குடித்து நாக்கைச் சாகடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்திய இந்தக் குமுதவல்லியை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிந்திருக்கிறதே என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற எப்போதும் என் பிள்ளை ஜனார்தன்தான் கூட்டிப்போவான். டாக்டரிடம் அவன்தான் பேசுவான். ஃபைலும் அவன் கையில்தான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தான். ஃபைலை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து தனியாக ஆட்டோவில் போனேன்.

கட்டைப் பிரித்த நர்ஸ் அல்ஷிஃபா, "அந்த வைரஸ் ஊசி வேணாம்னுட்டீங்களேம்மா. எனக்கு மனசே கேக்கல," என்றாள்.

"எந்த ஊசி?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. விடுவேனா? ஃபைலைப் பிரித்து அங்கேயே படித்தேன். மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்ததும் அதனால்தான்.

அதற்குப் பின்னால் இன்னொரு தாள். ஆராய்ச்சிக்காகச் சிலருக்கு மட்டும் தரும் சிகிச்சையாம். ஒரு வைரஸில் நோய் உண்டாக்கும் மரபணுவை வெட்டியெடுத்துவிட்டு, அதைக் கட்டியிலேயே ஊசியாகப் போடுவார்கள். அது புற்று செல்லுக்குள் மட்டும் பெருகி அதை உடைக்கும். உடைந்ததைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். படிக்கப் படிக்க எனக்குச் சிலிர்த்தது. அடியில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: நோயாளிக்கு விருப்பமில்லை, மகன் தெரிவித்தார்.

நோயாளி நான். என் விருப்பத்தை யார் கேட்டது?

அன்றைக்கே ஜனார்தனைப் போனில் பிடித்தேன். "கொரோனா மாதிரி ஏதோ வைரஸை உடம்புக்குள்ள விடறேங்கறாம்மா. கையெழுத்தும் நீதான் போடணுமாம். உங்கிட்ட சொன்னா பயத்துலயே போயிடுவியேன்னு..." என்று இழுத்தான்.

விசாரித்தால், சக்கரத்தாழ்வார் சன்னதியில் என் பேர், நட்சத்திரம் சொல்லி வாராவாரம் அர்ச்சனை நடந்திருக்கிறது. பட்டருக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குத் தெரியும். பூக்காரி வள்ளிக்கண்ணுவுக்குக்கூடத் தெரியும். இத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

மறுநாளே போய், ஊசி வேண்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் பீமராவ் கூப்பிட்டார். ஜனார்தனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நோய் தோல்லயும் நெறியிலயும் மட்டும் இருக்கறவங்களுக்குத்தான் இந்த ஊசி. ரெண்டு மாசம் முன்னாடி உங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நுரையீரல்ல நாலு இடத்துல தெரியுதும்மா. சேர்க்க முடியாது. வேற மருந்து இருக்கு, பார்க்கலாம்."

ஜனார்தன் அழுதான். "நீ பயந்துடக் கூடாதுன்னுதாம்மா..."

"பயந்திருப்பேன்டா. ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். நான் எதைத் தாங்குவேன், தாங்கமாட்டேன்னு முடிவு பண்ண நீ யாருடா?"

அவன் தலையைத் தடவிக்கொடுக்கக் கை போனது. மனசு வரவில்லை. டாக்டரிடம் திரும்பினேன்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு? மறைக்காம சொல்லுங்கோ."

கேட்டது நான். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் ஜனார்தனின் முகத்தைப் பார்த்தார்.