கதிரை போட்ட இடம்

வரைபடத்தில் இராசாத்தி அக்காவின் கிணறு வீட்டுக்குத் தெருப்பக்கமாக நின்றது. கந்தோர் மேசையில் வதனி இரண்டு தரம் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தாள். போன மாதம் கரையோர வீடுகளை அளக்கப் போனபோது அந்தக் கிணற்றடியில்தான் கால் கழுவினாள். கிணறு வீட்டுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் அது எழும்பி வீட்டைச் சுற்றி நடந்திருக்க நியாயமில்லை.

அப்படியென்றால் நகர்ந்தது வீடுதான். அதுவும் வாவிப் பக்கமாக, யாரும் குடியிருக்கக் கூடாத கரை எல்லைக்குள் ஆறு மீற்றர். அந்த ஆறு மீற்றருக்காக, வீட்டை அகற்றச் சொல்லிக் கடிதமும் போய்விட்டது. இடியப்பம் அவித்து விற்றுச் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு அது. கடிதத்தோடு இணைத்திருந்த அளவுத்தாளில் வதனியின் கையெழுத்து இருந்தது.

அன்றைய வெயில் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“வெயிலுக்குள்ள நிக்கலாமா மிஸ்? உள்ளுக்கு வாங்க” என்று இராசாத்தி அக்கா ஓடிவந்து, வீட்டோரம் இறக்கியிருந்த தகரக் கூரையின் கீழே கதிரை போட்டாள். தேத்தண்ணீரும் வந்தது. அதைக் குடித்துக்கொண்டே வதனி வீட்டு மூலையில் ஜி.பி.எஸ். கருவியை வைத்து அளவெடுத்தாள். படித்ததெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ! கருவிக்குத் திறந்த வானம் வேண்டும். தகரத்துக்குக் கீழே செய்மதியின் சமிக்ஞை நேரே வராது. சுவரிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். சுற்றி வந்த தூரத்தையும் கருவி நேர்த்தூரம் என்று நம்பிக் கணக்குப் போடும். கிணற்றை மட்டும் வெளியில் நின்று அளந்திருந்தாள். அது வரைபடத்திலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேலதிகாரி கனகசூரியம் அவள் நீட்டிய தாளைப் பார்த்தார். “மெஷின் காட்டினதத்தானே எழுதின நீங்க, வதனி? அதில உங்கட பிழை என்ன? விடுங்க.”

நல்ல மனிதர், அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்த ஆறுதல் அரை மணித்தியாலம் இனித்தது. பிறகு வெட்கமாக இருந்தது. கருவியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

இராசாத்தி அக்கா அழுதழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். அப்படியும் வதனியைக் கண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வேணாம் அக்கா.”

கூரையெல்லாம் தாண்டி வெளியில் போய் நின்று, அங்கிருந்து வீட்டு மூலைக்கு நாடா பிடித்தாள். அக்கா உள்ளே போய், காத்தான்குடியில் வாங்கிய பூப்போட்ட குடையை விரித்துக்கொண்டு வந்தாள்.

“குடையும் வேணாம்.”

“என்னோட என்ன கோவம் மிஸ்?”

“கோவமில்ல அக்கா. வானம் மறையப்படா.”

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடையைச் சுருக்கிவிட்டு அவளும் வெயிலில் நின்றாள். கருவியில் எண்கள் அங்குமிங்கும் ஆடி, மெல்ல மெல்ல அடங்கின. வதனி அரை மணித்தியாலம் அசையாமல் நின்றாள். பிறகு கணக்குப் பார்த்தாள். இந்தத் தரம் கருவி மூன்று மீற்றர் பிழையாகக் காட்டியிருந்தால்கூட வீடு தப்பும்.

“வீடு எல்லைக்கு வெளியிலதான் அக்கா. நாலு மீற்றர். முதல் அளந்தது பிழை. தகரத்துக்குக் கீழ இருந்து அளந்ததால வந்த பிழை. நானே எழுதிக் குடுக்கிறன்.”

இராசாத்தி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தகரத்தின் கீழே கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

“அப்ப, நான் போட்ட கதிரைதானா புள்ள என்ட வீட்ட வாவிக்குள்ள தள்ளினது?”

“இல்ல அக்கா. அதில இருந்தது நான்.”

தெருவுக்கு வந்து பட்டியலை விரித்தாள். அன்று அளந்ததில் இன்னும் பதினெட்டு வீடுகள் இருந்தன. எத்தனை வீட்டில் தன்னை நிழலில் இருத்தினார்கள் என்று எண்ணத் தொடங்கினாள். ஒரு வீட்டுக்காரரும் அவளை வெயிலில் நிற்க விட்டிருக்கவில்லை.