ஃபெம்கேயின் சைக்கிளில் உட்கார்ந்த வாத்து

"ஏப்ரல் 11, வியாழன். காற்று தென்மேற்கு, மழையோடு. தவறு: கூடையின் வாயை வீட்டைப் பார்த்து வைத்துவிட்டேன். வைக்கோல் நனைந்துபோனது."

எழுதிய பிறகு யோரின் ஒரு முறை படித்துப் பார்த்தாள். 'வைத்துவிட்டேன்' என்பதை அடித்து 'வைத்தேன்' என்று திருத்தினாள். கை தவறி நடந்ததுபோல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. தெரிந்துதானே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவள் போகும் பறவை வகுப்பில் இப்படித்தான் குறிப்பெழுதச் சொல்லியிருந்தார்கள். முதலில் தேதி, பிறகு காற்று, பிறகு அன்று தான் செய்த தவறு, அதற்கப்புறம்தான் பறவை. வகுப்பில் மற்றவர்கள் தவறு என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். யோரினுக்குக் கோடு போடும் வாய்ப்பு இதுவரை கிடைத்ததில்லை.

கூடை என்றால் வாத்துக்கான கூடை. வில்லோ மரக் குச்சிகளால் பின்னிய, குடத்தைப் படுக்கவைத்தது போன்ற கூடை. வூர்டன் ஊரில் அவள் குடியிருக்கும் தெருவின் பின்பக்கம் ஓடும் வாய்க்காலில், தண்ணீருக்கு மேலே இரண்டு கம்புகளில் கட்டி வைத்தால், காட்டு வாத்து உள்ளே போய் முட்டையிடும். பிப்ரவரியிலேயே யோரின் அதை வாங்கி, புது வைக்கோல் பரப்பி, தன் சமையலறை ஜன்னலைப் பார்த்தாற்போல் வைத்தாள். பாத்திரம் கழுவும்போது உள்ளே வாத்து அடைகாப்பதைப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் இருந்தது தென்மேற்கில். அந்த ஊரில் காற்றும் மழையும் அங்கிருந்துதான் வரும். முகத்தில் சாரல் அடிக்கும் வீட்டுக்கு எந்த வாத்து குடிவரும்? வகுப்பின் முதல் வாரமே அதைச் சொன்னார்கள். அவளே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். திருப்பி வைத்தால் தனக்குத் தெரியாது என்பதால் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

இதற்கிடையில் வாத்து வந்தது. பக்கத்து வீட்டு ஃபெம்கேயிடம்.

ஃபெம்கேக்கு வாத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரிந்தால் பெரிது. ரயிலடி ரொட்டிக்கடையில் வேலை. சளி பிடித்து ஒரு வாரம் வீட்டில் கிடந்தபோது, சைக்கிளைப் பின்வேலியில் சாய்த்து வைத்திருந்தாள். அதன் முன்பக்கத்து மரப்பெட்டியில் ஒரு பழைய கம்பளிச் சட்டை கிடந்தது. சளி போய் சைக்கிளை எடுக்கப் போனால், சட்டையின் மேல் ஒரு பெட்டை வாத்து உட்கார்ந்து அவளை முறைத்தது. அன்றிலிருந்து ஃபெம்கே வேலைக்கு நடந்து போகிறாள். விடிவதற்கு முன் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

செய்தி தெரு முழுக்கப் பரவியது. எதிர்க்கரை வீட்டுப் போகெமா, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"யோரின், வாழ்த்துக்கள்."

"எனக்கு எதுக்கு?"

"பக்கத்து வீட்டுக்கு வாத்து வந்திருக்கே."

அந்த ஊர் வழக்கம் அது. பிறந்தநாள் என்றால் பிறந்தவரை மட்டும் வாழ்த்தி நிறுத்தமாட்டார்கள். அம்மாவை, தம்பியை, பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கைகுலுக்கி வாழ்த்திவிட்டுத்தான் உட்காருவார்கள். யோரினும் வாழ்நாள் முழுக்க அப்படி வாழ்த்தியவள்தான். இந்த முறைதான் அது அவளுக்குக் கசந்தது.

"குஞ்சு பொரிக்கட்டும், ரஸ்க்கும் சோம்பு மிட்டாயும் நான் கொண்டு வரேன்," என்றார் போகெமா. குழந்தை பிறந்த வீட்டில்தான் வெண்ணெய் தடவிய ரஸ்க்கில் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுப்பார்கள். "அது சரி, உன் கூடைக்குக் குடித்தனம் வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"வாடகையக் கொஞ்சம் குறைச்சுப் பாரு."

வகுப்பில் இன்னும் மோசம். யோரினின் தெருவில் சைக்கிள் பெட்டியில் வாத்து என்று தெரிந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர்கூடக் கூடையைப் பற்றிக் கேட்கவில்லை. படம் எடுத்து வரச் சொன்னார்கள். அவள் எடுத்தாள். ஃபெம்கேயின் சைக்கிளை, ஃபெம்கேயின் வேலியை, ஃபெம்கேயின் வாத்தை.

குறிப்பை எழுதி முடித்த அந்த வியாழன் மாலை, மழை விட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபெம்கே கூப்பிட்டாள்.

"யோரின், நீதானே வாத்து படிக்கிறே. கொஞ்சம் வந்து பாரேன்."

பெட்டியில் வாத்து இல்லை. முட்டையும் கண்ணில் படவில்லை. சட்டையின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற தூவிச் சிறகு மெத்தைபோல் அடர்ந்து கிடந்தது.

"வேலைலேர்ந்து வந்தப்பவே காணோம்," என்றாள் ஃபெம்கே. "சிறகெல்லாம் பிஞ்சு கிடக்கு பாரு. பூனை கீனை வந்து சண்டை போட்டுதோ?"

யோரினுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாத்து தானாக இரை தேடப் போகும்போது, தன் மார்பிலிருந்து உதிர்த்த தூவியை முட்டைகள் மேல் இழுத்து மூடிவிட்டுப் போகும். சூடு தங்கும், காக்கைக்கும் தெரியாது. துரத்தப்பட்ட வாத்துக்கு மூட நேரம் ஏது? இப்படிப் பக்குவமாகப் போர்த்திவிட்டுப் போனால், திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம்.

"இருக்கலாம்," என்றாள்.

"அப்ப திரும்பி வராதா?"

"வராதுன்னுதான் நினைக்கிறேன்."

ஃபெம்கே மூக்கை உறிஞ்சினாள். சளியா வேறெதுவுமா தெரியவில்லை. "பாவம், பழகிட்டுது. தினம் போறப்ப சொல்லிட்டுப் போவேன். சரி, நடந்து நடந்து என் காலும் போச்சு. காலைல எல்லாத்தையும் கொட்டிட்டு சைக்கிளை எடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து யோரின் உருளைக்கிழங்கும் கீரையும் மசித்துச் சாப்பிட்டாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாளையிலிருந்து யாரும் வாழ்த்தமாட்டார்கள். பாதித் தட்டில் கிழங்கு ஆறிவிட்டது. தூவிக்குள் எத்தனை முட்டை இருக்கும் என்று யோசித்தாள், யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள், நோட்டை எடுத்தாள். தவறு என்ற இடத்தில் பேனா நின்றது. கூடையைத் தப்பாக வைத்தது தவறு. தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்த நோட்டில் இடம் ஒதுக்கவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு ஃபெம்கேயின் கதவைத் தட்டினாள்.

"அது திரும்பி வரும்," என்றாள், கதவு முழுதாகத் திறப்பதற்குள்.

"எது?"

"வாத்து. முட்டைய மூடி வெச்சுட்டுப் போயிருக்கு. கொட்டிடாதே."

ஃபெம்கே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தானே வராதுன்னே. அதுக்குள்ள புஸ்தகம் ஏதும் படிச்சியா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்னே?"

யோரின் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ரெண்டு மாசமா கூடை வெச்சிருக்கேன். புது வைக்கோல். ஒண்ணு எட்டிக்கூடப் பாக்கல. நீ ஒரு அழுக்குச் சட்டையப் பெட்டில போட்டே."

"அழுக்கில்ல அது, பழசு." ஃபெம்கே கதவில் சாய்ந்துகொண்டாள். சிரித்துவிடுவாளோ என்று யோரின் பயந்தாள், சிரித்துத்தான் விட்டாள். "ஒரு வாத்துக்கா? நான் தினமும் இருட்டுல நடந்து சாகறேன், நீ என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டுட்டு இருக்கே."

யோரினுக்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது வாய்க்காலில் சளப்பென்று சத்தம் கேட்டது. இருவரும் பின்பக்கம் போனார்கள். பெட்டை யோரினின் கூடையைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் நீந்தி வந்து, கரையேறி, ஈரப் புல்லில் ஆடி ஆடி நடந்து, ஒரே தாவலில் பெட்டியில் ஏறியது. தூவியை அலகால் விலக்கி உட்கார்ந்து, இருவரையும் முறைத்தது.

"சரி," என்றாள் ஃபெம்கே மெல்ல, "அது பொரிக்கிற வரைக்கும் உன் சைக்கிளை எனக்குக் கொடு."

"நான் ஆஸ்பத்திரி வேலைக்கு எதுல போறது?"

"உனக்கு எட்டு மணிக்குத்தானே வேலை? பஸ் இருக்கு. கால் எட்டாது எனக்கு, சீட்டை இறக்கி வெச்சுடு. பெட்டி கட்டியிருக்கியா அதுல?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இன்னொண்ணு வந்து உக்காந்துடும்."

யோரினுக்கு அந்தக் கேலியும் கொஞ்சம் வலித்தது. தன் சைக்கிளில்கூட வாத்து வந்தால் அது ஃபெம்கேயைத் தேடித்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஆறிய கிழங்கைத் தின்றுவிட்டு, நோட்டில் அன்றைய குறிப்பின் அடியில் எழுதினாள்:

"பெட்டை திரும்பியது. வராது என்று ஃபெம்கேயிடம் பொய் சொன்னேன், பிறகு போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். பொறாமை இன்னும் இருக்கிறது.

நாளை: ஆறு மணிக்குள் சைக்கிளுக்குக் காற்றடித்து, சீட்டை இறக்கி, ஃபெம்கேயின் வாசலில் நிறுத்த வேண்டும். மாலையில் நனைந்த வைக்கோலை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் பரப்பி, கூடையின் வாயைப் போகெமாவின் கரைப் பக்கம் திருப்ப வேண்டும்."