வண்டியில் ஓடிய குரல்

எனக்கு வாய் சும்மா இருக்காது. குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று தெருத்தெருவாக வண்டி ஓட்டுகிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? ஆனால் சிரிக்கக்கூடாத ஒரே இடத்தில் சிரித்துத் தொலைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வண்டியின் தலையில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதில் ஓடியது என் மகனுடைய குரல். ஒன்பது வயதில் அவனைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். "அக்கா, அத்தை, சித்தி! உங்க குக்கர் விசில் அடிக்க மாட்டேங்குதா? அடுப்பு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா? எங்கப்பா வந்துட்டாரு, எடுத்துட்டு ஓடியாங்க!" அந்த 'ஓடியாங்க'வை அவன் இழுத்த இழுப்புக்கே பாதிப் பேர் நல்ல குக்கரைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல்கடை அக்கா அவனுக்கு 'மைக்' என்று பேர் வைத்தாள். அவனுக்கும் தலைகால் புரியாத பெருமை. லீவு நாளில் வண்டியில் ஏறிக்கொண்டு, தன் குரலுக்குத் தானே வாயசைப்பான்.

பதிமூன்று முடிவதற்குள் பையன் ஆளே மாறிவிட்டான். கையும் காலும் மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்தன. நிலைப்படியில் இடித்துக்கொண்டே திரிந்தான். நெற்றி முழுக்கப் பரு. உதட்டுக்கு மேல் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மீசை. குரலோ, ஒரு வார்த்தை கீழே, ஒரு வார்த்தை மேலே. நான் சும்மா இருப்பேனா? "அடியே, வீட்டுல இன்னொரு ஆம்பளைக் குரல் கேக்குது, யாரு அது?" என்பேன். "பாவம், விடுங்க, வயசுப் பிள்ளை" என்பாள் அவன் அம்மா. அவன் கண்ணாடி முன்னால் நின்று, முடியை இழுத்து இழுத்து நெற்றியை மூடிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் நான் வண்டி துடைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, வண்டியில ஓடுதே, அதை மாத்திடுங்கப்பா."

"எதைடா?"

"என் குரலை. டீச்சர் படிக்கச் சொன்னா, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள எல்லாரும் 'ஓடியாங்க'ன்னு கத்துறாங்க."

"கத்தட்டுமே. உனக்கென்ன, தேஞ்சா போச்சு?"

அவன் நகரவில்லை. "அந்தக் குரல் இப்ப என்கிட்ட இல்லப்பா. வண்டியில அது ஓடுறதைக் கேட்டா எனக்கே பிடிக்கல," என்றான். கண் கலங்கியிருந்தது.

சரி, வளர்ந்த குரலிலேயே புதிதாகப் பேசிவிடலாம் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியின் மைக்கை அவன் கையில் கொடுத்தேன். காகிதத்தில் எழுதி வைத்துப் பழகியிருந்தான். முதல் தடவை தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை நன்றாகவே வந்தது. ஆனால் 'எங்கப்பா' என்ற இடத்தில் குரல் உடைந்து, கீச்சென்று மேலே போய்விட்டது. நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று இறங்கிப் போனான்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. எங்கள் பெட்டி, கடைசியாகப் பதிந்ததைத்தான் முதலில் போடும். அது எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகத் தெரியும். மறந்து தொலைத்தேன்.

மறுநாள் மதியம்தான் வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூடத் தெருவில் திரும்பி சுவிட்சைப் போட்டேன். உடைந்த குரலும் அதன்மேல் என் சிரிப்பும் தெரு முழுக்கக் கேட்டன. சாப்பாட்டு இடைவேளை வேறு. பிள்ளைகள் மதில்மேல் ஏறிச் சிரித்தார்கள். மாடியில் துணி காயப்போட்டவள் சிரித்தாள். இதுவரை நடந்ததை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அதை நிறுத்த என் கை சுவிட்ச் வரைக்கும் போனது. தெருவே எட்டிப் பார்க்கிறதே, இன்றைக்கு வியாபாரம் களைகட்டுமே என்று கையை எடுத்துவிட்டேன். திரும்பத் திரும்பத் தெருக்கோடி வரை ஓடவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

அன்று அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை. தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். பதிவையெல்லாம் அழித்துவிட்டு என் குரலைப் போட்டேன். "தெரியாம பண்ணிட்டேன்டா" என்றேன். பொய்தானே அதுவும்? தலையை மட்டும் ஆட்டினான். வகுப்பில் படிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் அவன் அம்மா காதோடுதான் பேச்சு. நான் உள்ளே வந்தால் அதுவும் நின்றுவிடும்.

"ஊரைச் சிரிக்க வெச்சு என் பிள்ளை வாயை அடைச்சிட்டீங்களே" என்று அவள் ஒருமுறை அழுதாள்.

"ஒரு சிரிப்புக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்மேல் என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் அந்தக் கத்தல். அப்போதே அவன் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

படிப்புக்கு வெளியூர் போனான். அம்மாவுக்குப் போன் வரும். அவள் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். எனக்கு வருவதெல்லாம் எழுத்துதான். 'வந்து சேர்ந்தேன்.' 'பரீட்சை முடிந்தது.'

போன மாதம் ஒரு வீட்டு வாசலில் அடுப்பைப் பிரித்துப் போட்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"வேலையில இருக்கீங்களா?" கனமான, நிதானமான, அருமையான குரல்.

"சொல்லுங்க சார், எந்தத் தெரு?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பர்னரைக் கழற்றினேன்.

"ஹலோ, யாருங்க பேசுறது?"

"நான்தான்ப்பா."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் என்னோடு பேசி ஆறு வருஷம். என் வீட்டிலேயே முதிர்ந்த குரல், பெற்ற எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"என் போன் உடைஞ்சிருச்சு, இது ஃப்ரெண்டோடது. அம்மா எடுக்கல. பக்கத்துல இருந்தா குடுங்க."

"நான் வெளியில இருக்கேன்டா. அவ வீட்டுல இருப்பா."

"சரி, அப்புறம் பேசுறேன்."

"இருடா, வெச்சிடாத! இன்னும் ரெண்டு வார்த்தை பேசு."

"என்ன பேசணும்?"

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவனே போனை வைத்துவிட்டான்.