வெள்ளத்தில் ஒரு பொந்து மரம்

மே மாதத்தில் சாவா ஆறு காட்டுக்குள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. அந்த முறை சற்று முந்திக்கொண்டது. மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் பன்றி ஷார்காவும் அதன் குட்டிகளும் நடுவில் மாட்டிக்கொண்டன. நானும் என் கணவன் யாந்த்ரோவும் தட்டைப் படகில் போய் அவற்றை ஏற்றிக்கொண்டோம். திரும்பும்போது நீரோட்டம் படகைச் சாவாவின் பக்கம் இழுத்தது. கழி தரையை எட்டவில்லை. ஆற்றுக்குள் போய்விட்டால் பன்றியும் இல்லை, நாங்களும் இல்லை.

கைக்கு எட்டிய முதல் மரத்தில் யாந்த்ரோ கயிற்றைச் சுற்றிக் கட்டினான். எங்கள் பக்கமாகச் சாய்ந்த, பட்டுப்போன வில்லோ.

"அதுலயா கட்டுற?"

"ஏன் கெழவி, பொந்தப் பாரு! ஒண்ணுக்கு மேல ஒண்ணு. வருஷா வருஷம் மரங்கொத்தி குடியிருக்கு. எத்தன வெள்ளம் பாத்த மரம்!"

மரங்கொத்தி தேர்ந்தெடுத்த மரம் திடமானது என்று எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் நம்புவார்கள். பெரிய புள்ளி மரங்கொத்தி என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. அதன் அலகு உளி மாதிரி. உயிருள்ள ஓக் மரத்தைக்கூடக் குடையும்.

அப்போது பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. உச்சி சிவப்பு, அளவோ சிட்டுக்குருவி. சின்னப் புள்ளி மரங்கொத்தி! அதன் அலகுக்கு அத்தனை வலு கிடையாது. காளான் பிடித்து, ஊறிய ரொட்டி போல ஆன கட்டையைத்தான் அதனால் குடைய முடியும். அதுவும் மழை உள்ளே இறங்காதபடி, சாய்ந்த மரத்தின் தரை பார்த்த பக்கத்தில். ஆண்டுதோறும் புதிய பொந்து வேறு. யாந்த்ரோ காட்டிய பொந்துகள் அத்தனையும் மரம் எதுவரை உளுத்திருக்கிறது என்பதைத்தான் காட்டின.

"இது சின்னதுடா! அவுரு கயித்த!"

"அவுத்தா எங்க போய் முட்டுவோம்?"

மரத்துக்குள் ஏதோ முறிந்தது. பொந்திலிருந்து மரத்தூள் தண்ணீரில் கொட்டியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. முடிச்சு இறுகிக் கிடந்தது.

கோடாரியை எடுத்துக் கயிற்றை வெட்டினேன்.

படகு சுழன்றது. ஷார்கா எழுந்து நிற்கப் பார்த்தது; யாந்த்ரோ அதன் மேல் விழுந்து அமுக்கினான். ஒரு பச்சை ஓக்கில் படகு இடித்த நொடியில் மிச்சக் கயிற்றைத் தாழ்ந்த கிளையில் போட்டு இழுத்தேன். கிளை வளைந்தது. தாங்கியது.

"புதுக் கயிறுடி அது," என்றான் யாந்த்ரோ, பன்றியின் மேல் கிடந்தபடியே.

"அப்ப நீந்திப் போய் எடுத்துட்டு வா, கெழவா."

வில்லோவை இப்போது எதுவும் இழுக்கவில்லை; அது விழாமல் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு உச்சிக்காரன் வாய் நிறையப் புழுவோடு வந்து, தொங்கிய கயிற்று நுனியைச் சற்றுப் பார்த்துவிட்டு, பொந்துக்குள் நுழைந்தான்.