மூக்கு நிமிர்ந்த கார்

கூர் நகரிலிருந்து லாண்ட்குவார்ட்டுக்குப் போகும் பழைய வீதியில், எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுகந்திக்கு லைட் அடித்துக் காட்டினார்கள். முதல் ஆள் அடித்தபோது தெரிந்தவராக்கும் என்று நினைத்து அவளும் கையை உயர்த்திக் காட்டினாள். அடுத்தவரும் அடித்தார். அதற்குப் பிறகு வந்த பால் லொறிக்காரர் லைட்டோடு ஹோர்னையும் சேர்த்து அடித்தார்.

"பொலிஸ் நிக்கிறாங்கள் போல," என்றார் பக்கத்தில் இருந்த அவள் கணவர் ஜெகதீஸ்வரன்.

"நிண்டால் நிக்கட்டும். நான் என்ன பறந்தோ போறன்?"

அவளுடைய யோசனை பொலிஸில் இல்லை, ஸ்ரியரிங்கில் இருந்தது. வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்து அது அவள் கைக்குள் உயிரில்லாமல் கிடந்தது. திருப்பினால் கார் திரும்பியது. ஆனால் சக்கரம் வீதியில் பதிகிற உணர்வு கைக்கு வரவில்லை. ரசத்துக்குள் அகப்பையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது. பின்னால் கொழுவியிருந்த கரவானோ, அந்தச் சக்கர வீடு, தன்பாட்டுக்கு ஏதோ யோசித்துக்கொண்டு வருகிற மாடு போல அங்குமிங்கும் மெல்ல அசைந்துகொண்டு வந்தது.

சைசெர்ஸ் தாண்டியதும் பெரிய லொறி ஒன்று அவர்களை முந்திப் போனது. அதன் காற்று பட்டதுதான் தாமதம், கரவான் வலப்பக்கம் இழுபட்டு, பிறகு இடப்பக்கம் இழுபட்டு, காரின் வாலையும் தன்னோடு இழுத்தது. ஜெகதீஸ்வரன் மேலே இருந்த கைபிடியை எட்டிப் பிடித்தார். சுகந்தி பிரேக்கைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று ஃபார்ஷூலேயில், கார் பழக்கும் பள்ளியில், மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். காலை மட்டும் மெல்ல எடுத்தாள். ஆட்டம் அடங்கியது. கண்ணில் பட்ட முதல் வாசலுக்குள் காரைத் திருப்பி, ட்ராக்டர்கள் வரிசையாக நின்ற ஒரு கராஜின் முற்றத்தில் நிறுத்தினாள்.

ஜெகதீஸ்வரன் கைபிடியை மெல்ல விட்டார்.

"எல்லாம் என்ர தண்ணியாலை வந்தது," என்றார் ஜெகதீஸ்வரன். "பெட்டியளை இறக்கிப்போட்டு வீட்டை போவம். இந்த விளையாட்டு எங்களுக்குச் சரிவராது."

அவர் சொன்ன தண்ணி, டயாலிசிஸ் தண்ணி. லென்சர்ஹைட ஹோட்டல் ஒன்றில் இருபது வருசத்துக்கு மேல் சமையல் செய்தவர் அவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன் சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெசின் நின்று, பை பையாகத் தண்ணீரை அவர் வயிற்றுக்குள் விட்டு எடுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்யும். அந்த மெசினை விட்டு ஒரு இரவும் அவர் வெளியில் தங்கியதில்லை. லண்டனில் நடந்த தங்கச்சி மகளின் கலியாணத்தைக்கூடப் போனில்தான் பார்த்தார். தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுபோனது.

மெசினுக்கு வேண்டியது ஒரு சுத்தமான இடமும் ஒரு பிளக்கும்தான், சிலபேர் கரவானில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஜெகதீஸ்வரன் அதைக் கேட்டு மறந்துவிட்டார். சுகந்தி மறக்கவில்லை. அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். அங்கே புதிதாக வந்து சேர்ந்த கிழவர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கிய தன் பெரிய காரையும் நீளமான அலுமினியக் கரவானையும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். அவர் கொடுக்க, இரண்டும் சுகந்தி வீட்டு வாசலுக்கு வந்தன. தலைச்சுற்று வருவதால் ஜெகதீஸ்வரன் கார் ஓட்டக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதனால் ஐம்பது வயதைத் தாண்டிய சுகந்தி, அந்தக் கரவானின் அரைவாசி உயரமே இருந்துகொண்டு, இழுவை வண்டி ஓட்டும் லைசென்சுக்குப் படித்தாள். பின்னால் எடுக்கும் பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டு, அடுத்தமுறை பாஸ் பண்ணினாள். இன்றைக்கு, டெசின் பக்கம் ஏரிக்கரைக்குப் போவதற்கு ஒத்திகை பார்க்கத்தான், ஒரு கிழமைக்குத் தேவையான தண்ணீர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் கரவானில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள்.

கராஜுக்குள்ளிருந்து நீல மேலாடையோடு ஒரு பெண் வந்தாள். அவர்களுடைய மகளின் வயதுதான் இருக்கும். லடீனா என்று தன் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தாள். பிறகு காரைச் சுற்றி நடந்து, கொஞ்சம் தள்ளிப்போய், குந்தியிருந்து பார்த்தாள்.

"வாருங்கள், இங்கே நின்று பாருங்கள்," என்று டொய்ச்சில், ஜெர்மன் மொழியில், கூப்பிட்டாள்.

சுகந்தி அவள் பக்கத்தில் குந்தினாள். அப்போதுதான் கண்டாள். காரின் பின்பக்கம் நிலத்தைத் தொடுவது போலப் பதிந்திருந்தது. முன்பக்கம், மூக்கை நிமிர்த்தி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரும் கரவானும் சேருமிடம், நடுவில் முறிந்த கதிரை போலக் கீழே மடிந்திருந்தது. லைட் அடித்தவர்கள் எல்லாரும் ஏன் அடித்தார்கள் என்று விளங்கியது. பகலிலும் எரிந்த அவளுடைய லைட் அவர்களின் கண்ணுக்குள் அடித்திருக்கிறது.

"முன்சக்கரங்கள் பாதி காற்றில். அதனால்தான் ஸ்ரியரிங் ஒன்றும் சொல்லவில்லை," என்றாள் லடீனா. "கரவானின் முன்பகுதியில் என்ன இருக்கிறது?"

சுகந்தி சொன்னாள். லடீனா திரும்பி, காருக்குள் தலைகுனிந்து இருந்த ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்கிற பார்வை அந்த முகத்தில் வரவில்லை. "அப்போ அது கட்டாயம் வரவேண்டிய பாரம்," என்றாள். "சரி, ஒழுங்காகக் கொண்டுபோவோம். இந்த மாதிரிக் கரவானுக்கு இரண்டு உருக்குக் கம்பி வந்திருக்குமே? நீளமாக, நுனியில் சங்கிலி தொங்கும்."

சுகந்தியும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கரவானின் கட்டிலுக்கு அடியில் ஒரு கன்வாஸ் பைக்குள் அப்படி ஏதோ கிடந்தது. பந்தல் போடுகிற சாமான் என்று நினைத்து ஜெகதீஸ்வரன் அதை இன்னும் உள்ளே தள்ளி வைத்திருந்தார்.

முதலில் பெட்டிகளை மாற்றினார்கள். கரவானின் மூக்குக்குள் அடுக்கியிருந்ததை எல்லாம் எடுத்து, நடுவில், சக்கரங்களுக்கு நேர்மேலே தரையில் பரப்பினார்கள். "இன்னும் பின்னுக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று சுகந்தி கேட்டாள். "போனால் வாலாட்டும், நாய் மாதிரி," என்றாள் லடீனா. பிறகு கரவானைக் கழற்றி, காரைத் தனியே நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தாள். திரும்பவும் கொழுவி அளந்தபோது, பெட்டிகளை மாற்றியும்கூட அந்த வளைவு மூன்று விரலளவு மேலே போயிருந்தது.

"இனி நீங்கள்," என்று சொல்லி ஒரு கம்பியை எடுத்துச் சுகந்தியின் கையில் கொடுத்தாள்.

கம்பி கையை இழுத்துக்கொண்டு போனது. அதன் ஒரு நுனியைக் காரின் கொழுக்கிக்கு அடியிலுள்ள துவாரத்தில் செருகவேண்டும். மற்ற நுனியிலுள்ள சங்கிலியைக் கரவானின் சட்டத்தில் இருக்கும் பூட்டில் மாட்டவேண்டும். செருகுவது சுலபமாக இருந்தது. ஆனால் சங்கிலி பூட்டுக்கு எட்டவில்லை. லடீனா கொடுத்த நெம்புகோலை வைத்துச் சுகந்தி தன் முழுப் பலத்தோடும் தொங்கினாள். கம்பி அசையவே இல்லை.

"நிறுத்துங்கள்!" என்றாள் லடீனா உடனே. "பலத்தால் செய்தால் ஒருநாள் அது திருப்பி அடிக்கும். என் அப்பாவின் முன்பல் இரண்டு இப்படித்தான் போனது. ஜக்கைச் சுற்றுங்கள். பாரத்தை முதலில் ஜக் தூக்கட்டும். மாட்டும்போதும் அப்படித்தான், கழற்றும்போதும் அப்படித்தான். ஜக் முதல், கம்பி பிறகு."

சுகந்தி கரவானின் மூக்கை உயர்த்தும் ஜக்கின் கைபிடியைச் சுற்றினாள். கொழுவியபடியே கரவானின் மூக்கும் காரின் பின்பக்கமும் ஒன்றாக மேலே எழும்பின. இவ்வளவு பெரிய இரும்பு தன்னுடைய ஒரு கை சுற்றுக்கு எழும்புவதைப் பார்க்க அவளுக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது. இப்போது சங்கிலி தானாகவே தளர்ந்து பூட்டுக்குள் போனது. இரண்டு விரலால் மாட்டினாள். மற்றப் பக்கமும் அப்படியே.

"இனி ஜக்கை இறக்குங்கள். லாங்சாம், லாங்சாம்."

மெல்ல மெல்ல இறக்கினாள். அவ்வளவு தடித்த உருக்குக் கம்பிகள் வில் போல வளைவதைக் கண்ணால் கண்டாள். உள்ளே எங்கோ இரும்பு ஒருமுறை முனகியது. காருக்கு வெளியே வந்து நின்ற ஜெகதீஸ்வரன் கத்தினார்.

"இஞ்சை பாரும், இஞ்சை பாரும்! மூக்குக் குனியுது!"

காரின் முன்பக்கம், யாரோ தலையில் கைவைத்து அமர்த்துவது போல, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் நிமிர்ந்தது. நடுவில் மடிந்திருந்த இடம் நேரானது. ஜக்கின் கால் நிலத்தை விட்டபோது காரும் கரவானும் ஒரே கோட்டில், ஒரே வண்டி போல நின்றன. லடீனா அளந்தாள். முன்வளைவு, கரவான் கொழுவாத நேரத்தில் இருந்த உயரத்துக்கு ஏறக்குறைய வந்திருந்தது.

"அப்ப அந்தப் பாரம் எங்கை போனது?" என்று ஜெகதீஸ்வரன் சுகந்தியிடம் கேட்டார். அவள் அதை டொய்ச்சில் கேட்டாள்.

"எங்கேயும் போகவில்லை," என்றாள் லடீனா. "முன்சக்கரம் கொஞ்சம் எடுத்திருக்கிறது, கரவானின் சக்கரம் கொஞ்சம் எடுத்திருக்கிறது. இதுவரை எல்லாவற்றையும் காரின் பின்சக்கரமே சுமந்துகொண்டிருந்தது, பாவம். ஆனால் ஒன்று, கம்பி மாட்டினோம் என்பதற்காக இன்னும் கூடப் பாரம் ஏற்றலாம் என்று நினைக்கவேண்டாம்."

சுகந்தி குனிந்து, வளைந்து நின்ற கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அது குளிராக, ஆடாமல், இறுகிப்போய் இருந்தது. வேலையில், எழும்ப ஏலாத ஒருவரைத் தூக்கும்போது இரண்டுபேர் இரண்டு பக்கமும் நின்று முதுகுக்குக் கீழே கை கொடுப்பார்கள். அந்தக் கைகளில் அப்போது இருக்கும் முறுக்கு அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. ஏனென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு இரும்புச் சாமானைப் பார்த்து யாரும் அழுவார்களோ?

லடீனா அதோடு விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். திரும்ப மாட்டச் சொன்னாள். ஒருமுறை சுகந்தி ஜக்கை மறந்து சங்கிலியில் கைவைக்கப்போக, "ஜக்!" என்று இரண்டு குரல் ஒன்றாக எழும்பியது. ஒன்று லடீனாவுடையது. மற்றது ஜெகதீஸ்வரனுடையது.

வீடு திரும்பும்போது ஸ்ரியரிங்கில் உயிர் வந்திருந்தது. வீதியின் ஒவ்வொரு ஒட்டும் அவள் விரலுக்கு எட்டியது. ஒருவரும் லைட் அடிக்கவில்லை.

அடுத்த கிழமை உண்மையாகவே புறப்பட்டார்கள். தூசிஸ் தாண்டி, வியாமாலாப் பள்ளத்துக்கு மேலாக ஏறி, ஸ்ப்ளூகன் வெளியைக் கடந்தபோது மலைகளில் இன்னும் பனி கிடந்தது. சான் பெர்னார்டினோ சுரங்கத்தின் இந்தப் பக்கத்தில் மழை தூறியது. மறுபக்கத்தில் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது. வீதி வளைந்து வளைந்து அதற்குள் இறங்கியது. பாறை உச்சிகளிலிருந்து அருவிகள் வெள்ளை நூல்களாக விழுந்துகொண்டிருந்தன. இந்த நாட்டில் இத்தனை வருசம் இருந்தும், இந்த வழியாக ஒருநாளும் தான் வந்ததில்லை என்று சுகந்தி நினைத்தாள்.

"இதெல்லாம் இவ்வளவு கிட்டவோ இருந்தது?" என்றார் ஜெகதீஸ்வரன் மெல்ல.

உயரமான பாலமொன்றில், மலைகளுக்கு நடுவிலிருந்து காற்று பாய்ந்து வந்து பக்கவாட்டில் மோதியது. சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, கரவான் இழுக்கப்போகிறது என்று காத்திருந்தாள். கரவான் ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான். பிறகு காருக்குப் பின்னால் நேராக வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தாள். நீலவானமும் மலையும் அலுமினியத்தில் மின்னிக்கொண்டிருக்க, அவ்வளவு பெரிய உடம்பு அடக்கமாக அவளைத் தொடர்ந்துகொண்டிருந்தது. தான்தான் இதைக் கொண்டுபோகிறேன் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

டெனேரோவில் ஏரிக்கரை முகாமில் அவர்களுக்குக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒல்லாந்துக்காரக் குடும்பமொன்று தங்கியிருந்தது. சேலையும் சப்பாத்துமாக ஒரு சிறிய பெண் ஜக்கைச் சுற்றுவதைப் பார்த்து, அந்தக் குடும்பத்து மனிதர் உதவிக்கு எழும்பி வந்தார். சுகந்தி சிரித்தபடி வேண்டாமென்று கைகாட்டினாள். சுற்றினாள். முறுக்கித் திமிறிக்கொண்டிருந்த கம்பி மெல்லத் தளர்ந்தது. சங்கிலியைக் கழற்றி அவள் கம்பியைக் கையில் வாங்கியபோது அந்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

அன்றிரவு மெசின் வழக்கம்போல ஓடியது. சுகந்தி அதன் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

காலையில் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. குழாயைக் கழற்றி, மூடி, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் கதவைத் திறந்தாள். ஏரி அசைவில்லாமல் கிடந்தது. அதற்கப்பால் மலைகள் தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் நின்றன. வெயில் உச்சிகளை மட்டும் தொட்டிருந்தது. கரையில் ஒரு பனைமரம் போன்ற மரம், இந்த நாட்டில் என்ன வேலை என்பது போல நின்றது.

ஜெகதீஸ்வரன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கணுக்கால் நனைய ஏரிக்குள் நின்றார்.

"இஞ்சாருங்கோ! கூடப் போகாதேங்கோ. வயித்தில தண்ணி படக்கூடாது!"

"தெரியும், தெரியும். கால் மட்டும்தான்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "சரியான குளிர், சுகந்தி. ஆனால் நீர் ஒருக்கால் வந்து பாரும்."

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூழாங்கற்களில் தடுமாறித் தடுமாறி, அவர் நின்ற இடத்துக்குப் போனாள்.