உப்பில் ஊறிய நட்சத்திரப்பழம்

காலையிலேயே அவருக்கு விக்கல் ஆரம்பித்துவிட்டது.

"என்னத்தத் திருடித் தின்னீங்க?" என்றேன். எங்கள் தைனான் ஊரில் யாருக்கு விக்கினாலும் இப்படித்தான் கேலி செய்வோம். என் வீட்டுக்காரர் பிங்-லாங் சிரித்தார். அவருடைய அக்கா ஷூ-யுன் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

மாலையில் கோயில் ஊர்வலம். ஒலிபெருக்கியில் சாமியை வரவேற்கும் குரல் இவருடையதுதான். தொண்டையோ நேற்றிலிருந்து கட்டிக் கிடந்தது.

ஆக்ஸலேட் உப்பு கல்லுகல்லாய்ச் சேர்ந்து இவருடைய சிறுநீரகங்களைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் நான் நாயாய்ப் பாடுபடுகிறேன். கீரையிலும் அந்த உப்பு உண்டு என்பதால் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அந்த உப்பைக் குடலிலேயே கட்டிப்போட, சோற்றோடு தோஃபுவும் கால்சியம் மாத்திரையும். வேர்க்கடலை வீட்டிலேயே கிடையாது. நட்சத்திரப்பழம் இவருக்கு விஷம் என்று டாக்டர் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

மதியமாகியும் விக்கல் நிற்கவில்லை. சாப்பிடும்போது கையிலிருந்து குச்சிகள் நழுவின. பேச்சு குழறியது. மூவரும் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார் அங்கிருந்த லேடி டாக்டர்.

"கஞ்சி, தோஃபு. என் கையாலதான் குடுத்தேன்."

"வேற?"

பிங்-லாங் அரைமயக்கத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

"மறைக்காதீங்க. இந்த விக்கலும் குழறலும் விஷம் ஏறினதோட அறிகுறி. வலிப்பு வந்துட்டா உயிருக்கே ஆபத்து."

அண்ணி முன்னால் வந்தார். "நான் குடுத்தேன் டாக்டர். தொண்டைக்கு. பழம் ஒரு துண்டுகூடத் தரல. உப்புல ஊறின நட்சத்திரப்பழத் தண்ணி மட்டும்தான்."

தொண்டை கட்டினால் ஊரே குடிப்பது அதைத்தான்.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். "பழத்துல இருக்கறது தண்ணியில இறங்காதா அண்ணி? கீரைத் தண்ணிய நான் தினம் எதுக்குக் கொட்டறேன்னு நெனச்சீங்க?"

டாக்டர் அதற்குள் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

இயந்திரம் ஓடியது. நாங்கள் சுவரோரம் நின்றோம். ஒவ்வொரு விக்கலுக்கும் அண்ணியின் தோள் குலுங்கியது.

"திட்டு, சூ-லான். வாய்க்கு வந்தபடி திட்டு."

"இப்ப வேண்டாம். அவர் எழுந்திருக்கட்டும். வட்டியும் முதலுமா திட்டறேன்."

பொழுது சாய்ந்தது. தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. ஊர்வலம் கிளம்பிவிட்டது. அவருக்கு இன்னொரு விக்கல் வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அண்ணி என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

அவர் மெல்லக் கண் திறந்தார்.

"மைக்... யாரு கையில?" குரல் கரகரத்தது.

"பேசாத தம்பி, தொண்டைக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அண்ணி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினார்.

திட்ட வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.